சிற்றூரின் கணக்கர் ஜே. சி. குமரப்பா

தில்லியிலிருந்து மெட்ரோ தொடர்வண்டியின் மஞ்சள் வழித்தடத்தில் தெற்கு நோக்கிச் செல்வோர், சற்றேறக்குறைய ஒரு மணி நேரத்தில் குருகிராமத்தை அடைவர். இன்று அங்கே வானளாவிய கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. நூறாண்டுகளுக்கு முன்னர் அப்பகுதி முழுவதும் வறண்ட வயல்களும் மண்சுவர் வீடுகளும் நிறைந்த ஊர்களாக இருந்தது. 1920ஆம் ஆண்டில் பிரேன் என்னும் ஆங்கிலேயர் அம்மாவட்டத்தின் ஆட்சியாளராக வந்தார். ஊர்களின் தூய்மைக்கேட்டையும் நோயையும் கண்டு அவர் மனம் வருந்தினார். ஒவ்வொரு குடும்பமும் ஆறடி ஆழத்தில் குழி வெட்டிக் குப்பையை அதில் இட வேண்டும் என்றார். இருண்ட வீடுகளின் சுவர்களில் சன்னல் வைக்கச் சொன்னார். ஊர் ஊராகச் சென்று பேசினார், பாடல்கள் இயற்றச் செய்தார், வேண்டிய இடத்தில் அதிகாரத்தையும் காட்டினார். ஆயிரக்கணக்கில் குழிகள் தோண்டப்பட்டன. அவருடைய நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் அவர் மாற்றலாகிச் சென்ற பின்னர், பல ஊர்களில் அக்குழிகள் தூர்ந்துபோயின. அவை ஆட்சியாளரின் குழிகளாகவே இருந்தன. ஊராரின் குழிகளாக ஆகவில்லை.

ஊரைத் தூய்மை செய்ய வேண்டியவர் யார்? வெளியிலிருந்து வரும் அறிவாளியா, அரசு அலுவலரா, அவ்வூரில் பிறந்து அங்கேயே வாழ்பவரா? இவ்வினாவைத் தம் வாழ்நாளின் பெரும்பகுதி சுமந்தவர் ஒரு தமிழர். பிரேன் குருகிராமத்தில் குழி வெட்டுவித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர் மும்பையில் உயர்ந்த உடையுடுத்தி, வணிக நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்துகொண்டிருந்தார். அவருக்கு அப்போது சிற்றூர்களைப் பற்றி ஏதும் தெரியாது. அவர்தாம் ஜே. சி. குமரப்பா.

தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். தந்தையார் பொதுப்பணித் துறையில் அலுவலர். ஒழுங்கும் நேரந்தவறாமையும் அவ்வீட்டின் இயல்புகள். பள்ளிக் கல்வியைச் சென்னையில் முடித்த செல்லதுரை, கணக்கியல் பயில இலண்டன் சென்றார். அங்கே தேர்ச்சி பெற்றுச் சில காலம் பணியும் ஆற்றினார். முதல் உலகப் போர் முடிந்தபின் தாயாரின் விருப்பத்திற்கு இணங்கி 1919ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார். மும்பையில் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து தணிக்கை நிறுவனம் நடத்தினார். வருவாய் பெருகிற்று. நடை, உடை, உணவு அனைத்தும் ஆங்கிலேயரைப் போன்றே இருந்தன.

1927ஆம் ஆண்டு அவர் அமெரிக்கா சென்றார். முதலில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திலும் பின்னர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். அங்கிருந்தபோது ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் வறுமையுற்றிருக்கிறது என்பது பற்றி அவர் சொற்பொழிவாற்றினார். அப்பேச்சைப் பற்றிய செய்தி நாளிதழில் வெளியாயிற்று. அதனைக் கண்ட அவருடைய பேராசிரியர் செலிக்மன், அதே பொருளை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி அறிவுறுத்தினார். கணக்கரான அவர் ஆங்கிலேய அரசின் வரவு செலவைக் கணக்கரின் கண்கொண்டே பார்த்தார். மக்களிடம் வாங்கிய வரி மக்களுக்குத் திரும்பி வரவில்லை. படைக்கும் அலுவலர் ஊதியத்திற்கும் கடனுக்குமே பெரும்பகுதி போயிற்று என்பதை எண்களால் அவர் கண்டார். அந்த எண்கள் அவரை மாற்றின. கூட்டங்களில் கேட்ட முழக்கங்களால் நாட்டுப்பற்றுக் கொண்டவர் பலர் உண்டு. கணக்கேட்டால் நாட்டுப்பற்றுக் கொண்டவர் குமரப்பா.

1929ஆம் ஆண்டு தாயகம் திரும்பியதும், தம் ஆய்வுரையை வெளியிட உதவி கேட்டு அவர் காந்தியடிகளைக் காணச் சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். மே மாதத்து வெயில். மேனாட்டு உடையும் கையில் தடியுமாக, குறித்த நேரத்திற்கு முன்னரே ஆற்றங்கரைப் பக்கம் உலாவினார். ஒரு மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து முதியவர் ஒருவர் இராட்டையில் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பா அதுவரை இராட்டையைக் கண்டதில்லை. ஆகவே தடியை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார். சிறிது நேரம் கழித்து அம்முதியவரே, வந்திருப்பவர் குமரப்பாதானா என்று வினவினார். அப்பொழுதுதான் அவர் காந்தியடிகள் என்பது இவருக்கு விளங்கிற்று. உடனே, மடிப்புக் கலையாத கால்சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் சாணத் தரையில் அமர்ந்துவிட்டார். யாரோ நாற்காலி கொண்டுவந்தபோதும் அதில் அமரவில்லை. கொர்னேலியஸ் என்னும் பெயரை விடுத்து, தம் முன்னோரின் பெயராகிய குமரப்பா என்பதையே அவர் குடும்பப் பெயராகக் கொண்டிருந்தார்.

காந்தியடிகள் ஆய்வுரையைத் தம் இதழில் வெளியிட இசைந்தார். அத்துடன் ஒரு வேலையும் கொடுத்தார். குசராத்தில் கேடா மாவட்டத்திலுள்ள மாதர் வட்டத்தின் ஊர்களுக்குச் சென்று, மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை ஆராய்ந்து எழுத வேண்டும் என்பதே அது. தமக்குக் குசராத்தி தெரியாதே எனக் குமரப்பா தயங்கினார். குசராத் வித்யாபீடத்தின் மாணவர்கள் துணைவருவார்கள் என்று காந்தியடிகள் தைரியமூட்டினார்.

தில்லியில் பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசி வளரும் உங்களுக்கு, மொழி தெரியாத ஊரில் நிற்பது எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பெற்றோரோ தாத்தா பாட்டியரோ முதன்முதலில் இராமகிருஷ்ணபுரத்திலோ கரோல்பாகிலோ வந்திறங்கிய நாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். குமரப்பாவின் நிலையும் அதுதான். ஆனால் மொழி தெரியாததில் ஒரு நன்மையும் இருந்தது. தெரியாதவர் கேட்டுத்தானே ஆகவேண்டும்! அவர் ஊர்மக்களுக்கு அறிவுரை கூறச் செல்லவில்லை. அவர்களிடம் கேட்கச் சென்றார். எத்தனை காணி நிலம், எவ்வளவு கடன், எத்தனை மாடு, ஆண்டில் எத்தனை மாதம் வேலை, குடிநீர் எங்கிருந்து வருகிறது, உண்பது என்ன, வரி எவ்வளவு என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டுக் குறித்தனர் மாணவர்கள். 1931ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த அவ்வறிக்கை, வரியைத் தாங்கும் வலிமை அம்மக்களுக்கு இல்லை என்பதை மறுக்கவொண்ணாத வகையில் காட்டிற்று. இந்தியச் சிற்றூர்களைப் பற்றிய தொடக்ககால ஆய்வுகளுள் சிறந்த ஒன்றாக அதனைப் பொருளியலார் இன்றும் மதிக்கின்றனர்.

அதன்பின் அவர் மும்பைக்குத் திரும்பவில்லை. மேனாட்டு உடை போயிற்று, கதர் வந்தது. உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகளின் இதழை நடத்தினார், சிறை சென்றார். 1934ஆம் ஆண்டு சனவரியில் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, இராசேந்திர பிரசாத் அவர்களின் தலைமையில் நடந்த துயர்தீர்ப்புப் பணியின் கணக்குப் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கு நடந்த ஒன்றை இன்றும் சொல்வர். காந்தியடிகள் தம் குழுவினருடன் பீகாருக்கு வந்தார். அவர்களுடைய உணவுக்கும் பயணத்திற்குமான செலவைத் துயர்தீர்ப்பு நிதியிலிருந்து தர இயலாது என்று குமரப்பா மறுத்துவிட்டார். மக்கள் துயருற்றோருக்கென்று கொடுத்த காசு துயருற்றோருக்கே உரியது என்பது அவர் கணக்கு. காந்தியடிகளுக்கும் அதில் விலக்கு இல்லை. காந்தியடிகள் சினம் கொள்ளவில்லை. இத்தகைய ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தார் போலும்.

ஏனெனில் அதே ஆண்டு டிசம்பரில், அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் தொடங்கப்பட்டபோது, அதனை நடத்தும் பொறுப்பு குமரப்பாவிடமே ஒப்படைக்கப்பட்டது. சம்னாலால் பசாசு என்னும் செல்வர் தம் தோட்டத்தை அதற்கு வழங்கினார். மறைந்த மகன்லால் காந்தியின் நினைவாக அத்தோட்டம் மகன்வாடி எனப்பட்டது. காந்தியடிகளும் சபர்மதியை விட்டு வந்து சிலகாலம் அங்கேயே தங்கினார்.

சங்கத்தின் முதல் வேலைத்திட்டத்திலேயே ஊர்த்தூய்மை இடம்பெற்றது. அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கையும் மனமும் போதும் என்று எண்ணினர். மகன்வாடிக்கு அருகில் சிந்தி என்றொரு சிற்றூர் இருந்தது. அவ்வூரார் தெருவோரங்களையே கழிப்பிடமாகப் பயன்படுத்தினர். 1935ஆம் ஆண்டில் காந்தியடிகளின் செயலாளர் மகாதேவ தேசாய், ஆங்கில நாட்டிலிருந்து வந்து தொண்டராகிய மீராபென் முதலியோர் காலைதோறும் வாளியும் மண்வெட்டியும் ஏந்திச் சிந்திக்குச் சென்றனர். தெருவில் கிடந்த மலத்தை அள்ளிக் குழியிட்டுப் புதைத்தனர். நூல் பல கற்றவர்கள், நாடறிந்தவர்கள், வாளியைச் சுமந்து நடந்தார்கள்.

ஊரார் என்ன செய்தார்கள்? சிலர் வேடிக்கை பார்த்தார்கள். மறுநாளும் தெருவை அவ்வாறே அசுத்தம் செய்தார்கள். இன்னும் சிலர், அதோ அந்த மூலையிலும் கிடக்கிறது என்று கைநீட்டிக் காட்டினார்கள். மாதங்கள் சென்றன, பெரிய மாற்றம் ஏதும் நிகழவில்லை.

இதனைப் படிக்கும்போது நமக்கு அவ்வூரார்மேல் சினம் வரலாம். ஆனால் அவர்களுடைய இடத்தில் நின்றும் பார்க்க வேண்டும். துப்புரவு வேலை என்பது ஒரு சாதியாருக்கே உரியது, மற்றவர் அதனைத் தொடலாகாது என்று பல நூற்றாண்டுகளாக அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவ்வேலையைச் செய்வோர் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டனர். வாளியோடு வந்தவர்களை அவர்கள் அந்த வேலைக்காரரின் இடத்தில் வைத்துப் பார்த்தார்களேயன்றித் தமக்கு வழிகாட்டுவோராகப் பார்க்கவில்லை. பிரேன் ஆணையிட்டுச் செய்வித்தார். சிந்திக்குச் சென்றவர்கள் தாமே செய்து காட்டினார்கள். இரண்டிலும் ஊரார் வெளியே நின்றனர்.

மகன்வாடியில் வாழ்ந்த குமரப்பா இவற்றையெல்லாம் அருகிலிருந்து அறிந்தவர். அவருக்கு மனமாற்றத்தில் நம்பிக்கை உண்டு. ஆயினும் அவர் கணக்கர். ஊர்மக்கள் ஒன்றைத் தாமே விரும்பிச் செய்ய வேண்டுமாயின், அதனால் அவர்களுக்கு விளையும் நன்மை அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என அவர் கருதினார். ஆகவே தூய்மையையும் அவர் வரவு செலவாகவே விளக்கினார்.

அந்தக் கணக்கைச் சற்று விரிவாகக் காண்போம். மண்ணில் விளைந்தது உணவாகிறது. உணவின் எச்சமும், மாட்டின் சாணமும், உதிர்ந்த இலையும், மனிதக் கழிவும் மண்ணுக்குத் திரும்பினால் அடுத்த விளைச்சலுக்கு உரமாகும். தெருவில் கிடந்தாலோ அதே பொருள் ஈயையும் கொசுவையும் வளர்த்துக் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் தரும். ஆகத் தெருவில் எறிவோர் இருமுறை இழக்கின்றனர்: வயலுக்கு வரவேண்டிய உரம் போயிற்று, மருந்துக்குக் காசும் போயிற்று. ஆழமற்ற குழியில் இட்டு, ஒவ்வொரு முறையும் உலர்ந்த மண்ணையும் சருகையும் மேலே தூவி மூடினால், சில மாதங்களில் மணமற்ற, கருமையான எரு கிடைக்கும். அதைக் கையில் அள்ளிப் பார்க்கும் உழவர் அதனை அசுத்தம் என்று சொல்லமாட்டார். இறந்த மாட்டின் எலும்பும் அத்தகையதே. ஊர்ப்புறத்தில் கிடந்த எலும்புகளை வணிகர்கள் திரட்டி வெளிநாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தனர். அவற்றைப் பொடித்து உள்ளூர் வயலுக்கே உரமாக்க வேண்டும் என்று குமரப்பா வாதாடினார். ஊரின் தூய்மைக்கேடு என்பது, அவர் பார்வையில், தவறான இடத்தில் கிடக்கும் ஊரின் செல்வம்.

வீட்டுக்குள்ளும் அவர் இதே கணக்கைக் கொண்டுசென்றார். அக்காலத்தில் சிற்றூர்களில் மண்ணெண்ணெய் விளக்கு பரவிவந்தது. விளக்கில் எரியும் ஒவ்வொரு சொட்டுக்கும் ஊரின் காசு கடல்கடந்து போகிறது. ஊர்ச்செக்கில் ஆட்டிய எண்ணெயை எரித்தால் அக்காசு செக்காடுபவருக்கும், எள் விளைத்த உழவருக்கும், மாட்டுக்குமாக ஊருக்குள்ளேயே சுற்றும். ஆனால் பழைய அகல்விளக்கின் ஒளி படிக்கப் போதாதே! ஆகவே தாவர எண்ணெயில் நன்கு எரியும் கண்ணாடி விளக்கு ஒன்று மகன்வாடியில் உருவாக்கப்பட்டது. அதற்கு மகன் தீபம் என்று பெயர். அதுபோன்றே புகைபோக்கி கொண்ட அடுப்பும் அங்கு வடிவமைக்கப்பட்டது. அது மகன் அடுப்பு எனப்பட்டது. விறகடுப்பின் புகையில் நாள்தோறும் இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் சமைத்தவர்கள் பெண்கள். ஊரின் சூழல் என்று பேசும்போது தெருவையும் குளத்தையும் நினைப்போர் பலர். சமையலறையின் காற்றை நினைத்தவர் அன்று மிகச் சிலரே. குமரப்பாவிடத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைத்தாள் செய்தல், தோல் பதனிடுதல் ஆகியவற்றில் மகன்வாடியில் பயிற்சி தரப்பட்டது. பயின்றவர்கள் பல மாகாணங்களுக்கும் சென்றனர். கிராமத் தொழில்களுக்கென ஓர் இதழையும் குமரப்பா நடத்தினார். அது மகன்வாடியில் செய்த கைத்தாளிலேயே அச்சாயிற்று. 1938ஆம் ஆண்டு இறுதியில் அங்கொரு அருங்காட்சியகத்தைக் காந்தியடிகள் திறந்துவைத்தார். அது இன்றும் வார்தாவில் உள்ளது. அக்காலத்தில் மத்திய மாகாணத்தின் நூற்றுக்கணக்கான ஊர்களைக் குமரப்பா தலைமையிலான குழு ஆய்வு செய்தது. மாதர் வட்டத்தில் கற்ற முறையே இங்கும் கையாளப்பட்டது. முதலில் கேட்டல், பிறகு எழுதுதல்.

1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது அவர் மீண்டும் சிறைப்பட்டார். சபல்பூர்ச் சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இயற்கையிலிருந்து அவர் எடுத்துக்காட்டிய வாழ்க்கை முறைகள் சிறுவர்க்கும் விளங்குவன. புலி பிற உயிரைக் கொன்று வாழ்கிறது. குரங்கு, தான் நடாத மாமரத்தின் பழத்தைத் தின்று போகிறது. குருவி தன் உழைப்பால் கூடுகட்டி அதில் வாழ்கிறது. தேனீ தனக்காக மட்டுமின்றித் தன் கூட்டம் முழுமைக்கும் தேன் சேர்க்கிறது. தாய்ப்பறவையோ எதையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது. ஒரு நாட்டின் பொருளாதாரம் இவற்றுள் எதனைப் போன்றது என்பதே அவர் எழுப்பிய வினா. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காத எதுவும் நிலைக்காது என்பது அவர் துணிபு. சுற்றுச்சூழல் என்னும் சொல் பாடநூல்களில் இடம்பெறுவதற்கு மிக முன்னரே அவர் இதனை எழுதினார். காந்தியடிகள் அந்நூலுக்கு முன்னுரை வழங்கியதுடன், கிராமக் கைத்தொழில் அறிஞர் என்னும் பொருள்பட ஒரு பட்டத்தையும் விளையாட்டும் அன்புமாக அவர் பெயருக்குப் பின்னால் சேர்த்தார்.

நாடு விடுதலை பெற்றது. இப்போது தில்லி அவரை அழைத்தது. நிலச்சீர்திருத்தம் பற்றி ஆராயக் காங்கிரசு அமைத்த குழுவிற்கு அவர் தலைவரானார். 1949ஆம் ஆண்டு வெளிவந்த அதன் அறிக்கை, உழுபவருக்கே நிலம் உரியதாக வேண்டும் என்றும், உழவருக்கும் அரசுக்கும் இடையே நின்று குத்தகை வாங்கும் இடைத்தரகர் இருக்கலாகாது என்றும் கூறிற்று. இதற்கும் ஊர்த்தூய்மைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். அடுத்த ஆண்டு தம்மிடம் இருக்குமோ என்று தெரியாத நிலத்தில் யாரும் எருக்குழி வெட்டமாட்டார். வாடகை வீட்டின் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க நாம் தயங்குவதில்லையா? அதுபோலத்தான்.

ஆனால் தலைநகரும் அவரும் ஒத்துப்போகவில்லை. அவர் முன்கோபி, எண்ணியதை எண்ணியவாறு சொல்லிவிடுவார். ஒருமுறை தில்லியில் அரசுக் கூட்டம் ஒன்றிற்குக் குதிரை வண்டியில் சென்றபோது, அச்சாலையில் அத்தகைய வண்டிகள் செல்லலாகாது என்று காவலர் தடுத்தனராம். குமரப்பா அதனைப் பிரதமர் நேருவிடம் முறையிட்டார். மோட்டார் வண்டிகள் விரையும் சாலையில் வண்டிமாடுகளுக்கும் குதிரைகளுக்கும் தீங்கு நேரக்கூடாது என்பதற்காகவே தடை என்று நேரு விளக்கினார். அப்படியானால் தீங்கு செய்யும் மோட்டார் வண்டியைத்தானே தடுக்க வேண்டும் என்று குமரப்பா கேட்டதாகச் சொல்வர்.

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்தநாளில், நடுவணரசு சமுதாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. முதலில் 55 இடங்களில் அது நடைமுறைக்கு வந்தது. சாலை, கிணறு, பள்ளி, நலவாழ்வு, வேளாண்மை ஆகிய அனைத்தும் அதில் அடங்கின. ஊர்மக்களின் பங்கேற்பே அதன் உயிர் எனத் திட்ட ஏடுகள் கூறின. குமரப்பாவோ அதனை ஐயுற்றார். வெளிநாட்டுப் பணமும் மேலிருந்து வரும் திட்டமும் சேர்ந்தால், ஊரார் மீண்டும் கைகட்டி வேடிக்கை பார்ப்பவர் ஆவர் என்பது அவர் அச்சம். 1957ஆம் ஆண்டில் பல்வந்தராய் மேத்தா குழு இத்திட்டத்தை ஆராய்ந்தது. மக்களின் தன்முனைப்பைத் தூண்டுவதில் திட்டம் போதிய வெற்றி பெறவில்லை என்று அதுவும் கண்டது. மக்களே தேர்ந்தெடுக்கும் ஊராட்சிகளிடம் பொறுப்பை ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. அதன்வழியே ஊராட்சி முறை 1959ஆம் ஆண்டு இராசத்தானில் முதலில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் பரவிற்று.

குமரப்பா சொன்னவை எல்லாம் சரி என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. டிராக்டரையும் ஆலைகளையும் அவர் எதிர்த்த அளவுக்கு நாடு எதிர்க்கவில்லை. பெருகும் மக்கள்தொகைக்கு உணவளிக்க வேறு வழியும் வேண்டும் என்று அன்றைய தலைவர்கள் பலர் கருதினர். அவர்களிடமும் நியாயம் இருந்தது. ஆயினும் சிந்தி ஊரின் வினா அப்படியே இருந்தது. அதற்கு விடை தேடுவதைக் குமரப்பா நிறுத்தவில்லை.

விடுதலைக்குப் பின் அவர் வார்தாவுக்கும் நாகபுரிக்கும் இடைப்பட்ட செல்டோ என்னும் சிற்றூருக்கே குடிபெயர்ந்தார். பண்ணை ஆசிரமம் என்று தமிழ்ப் பெயரிட்டு, உழவர்களோடு உழவராக வாழ்ந்து பார்த்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ அறுபது வயது. இலண்டனில் படித்த கணக்கர், மராத்தி பேசும் ஊரில், தமிழ்ப் பெயர் கொண்ட குடிலில் எருக்குழியும் கிணறும் பேணினார். உடல்நலம் ஒத்துழைக்கவில்லை. இரத்த அழுத்தம் அவரை வருத்தியது. இறுதியில் அவர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். மதுரை மாவட்டத்தில் தே. கல்லுப்பட்டி என்னும் ஊரில், 1940ஆம் ஆண்டு வெங்கடாசலபதி என்னும் தொண்டர் நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமம் இருந்தது. அங்கேயே ஒரு சிறு வீட்டில் தங்கினார். முப்பது ஆண்டுகளுக்குமேல் வெளியே வாழ்ந்தவருக்கு, சுற்றிலும் மீண்டும் தமிழ் கேட்டது. அங்கே நூற்போரும், செக்காடுவோரும், ஆசிரியப் பயிற்சி பெறுவோரும் அவரிடம் வந்து ஐயம் கேட்டுச் சென்றனர்.

அவ்வீட்டின் சுவரில் காந்தியடிகளின் படம் இருந்தது. அதனுடன் இன்னொரு படமும் இருந்தது. இடுப்பில் சிறு துணி மட்டும் உடுத்திய ஏழை உழவர் ஒருவரின் படம் அது. காண வந்தவர் ஒருவர், இவர் யார் என்று வினவினார். காந்தியடிகள் தம் குரு என்றும், அந்த உழவரோ தம் குருவுக்கும் குரு என்றும் குமரப்பா விடை கூறினார்.

1948ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் தில்லியில் காந்தியடிகள் மறைந்தார். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1960ஆம் ஆண்டு அதே சனவரி 30ஆம் நாள் குமரப்பா இயற்கை எய்தினார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தமக்கென்று சொத்தும் சேர்க்கவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் தில்லி இராசகாட்டில் மக்கள் கூடி மௌனம் காக்கின்றனர். கல்லுப்பட்டி ஆசிரமம் இன்றும் இயங்கிவருகிறது.